பற்றீரியாவா, போத்தல்காரரா, குப்பை லொறியா? கொழும்புத் தொடர்மாடிகளின் பிளாஸ்டிக்குக்கு எந்த வழி

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கத்துத் தொடர்மாடிகளின் நிர்வாகக் குழுக்களில் இருப்பவர்கள் கொஞ்ச நாளாக ஒரே கேள்வியோடு வருகிறார்கள். பிளாஸ்டிக்கைத் தின்கிற பற்றீரியா வந்துவிட்டதாமே, கீழ்த்தளத்தில் ஒரு தொட்டி கட்டி அதை ஊற்றிவிட்டால் என்ன? இல்லையென்றால் வீடு வீடாகப் பிரித்துப் போத்தல்காரருக்குக் கொடுப்பதா? அதுவும் தொல்லை என்றால் எல்லாவற்றையும் மாநகர சபை லொறியிலேயே ஏற்றிவிடுவதா? மூன்று யோசனைக்கும் ஒவ்வொரு மாடியில் ஆதரவாளர் இருப்பதால் கூட்டம் தேநீரோடு கலைந்துவிடுகிறது.

நான் கண்ட முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பற்றீரியாவால் சிதைக்க முடிகிற பிளாஸ்டிக்குக்குக் கொழும்பில் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்க ஆள் இருக்கிறது. யாரும் வாங்காத பிளாஸ்டிக்கைப் பற்றீரியாவும் தொடுவதில்லை. இந்த இரண்டு வரிக்கும் காரணம் தெரிந்தால் மற்ற முடிவுகளை நீங்களே எடுக்கலாம்.

## எதை வைத்து அளப்பது

முதலாவது, அந்த வழி எந்த வகைப் பிளாஸ்டிக்கை ஏற்கும் என்பது. தண்ணீர்ப் போத்தல், சொப்பிங் பேக், ரெஜிபோம் பெட்டி, ஷாம்பு பக்கற் நான்கையும் நாம் பிளாஸ்டிக் என்றே அழைத்தாலும் அவை நான்கு வெவ்வேறு பொருட்கள். இரண்டாவது, கொடுப்பதற்கு முன் நாம் என்ன செய்ய வேண்டும் என்பது: கழுவுவதா, உலர்த்துவதா, அரைப்பதா, எவ்வளவு இடம் வேண்டும்? மூன்றாவது, முடிவில் என்ன மிஞ்சும், அது எங்கே போகும்? நான்காவது, பற்றுச்சீட்டில் தெரியாத செலவு யார் தலையில் விழுகிறது? கடைசியாக, அது இன்று இந்த நகரத்தில் கிடைக்கிறதா, செய்தியில் மட்டும்தான் இருக்கிறதா?

விற்பனைக்கு வருகிறவர்கள் முதல் கேள்வியையும் மூன்றாவதையும் தாண்டிப் போகவே பார்ப்பார்கள்.

## பற்றீரியா

செய்தி பொய்யல்ல. 2016இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், சாகாய் நகரத்தில் பெட் (PET, தண்ணீர்ப் போத்தல் செய்கிற பிளாஸ்டிக்) போத்தல் மீள்சுழற்சி நிலையம் ஒன்றில் எடுத்த மாதிரிகளிலிருந்து ஒரு பற்றீரியாவைப் பிரித்தெடுத்தார்கள். இடியோனெல்லா சாகாயென்சிஸ் என்று பெயர். அது பெட் பிளாஸ்டிக்கை உணவாகவே எடுத்துக்கொள்கிறது. இரண்டு நொதியங்களை, அதாவது என்சைம்களைச் சுரக்கிறது: பெட்டேஸ் என்பது நீண்ட சங்கிலியை வெட்டுகிறது, மெட்டேஸ் என்பது வெட்டிய துண்டை மேலும் உடைத்து, பெட்டின் மூலப்பொருட்களான டெரிப்தாலிக் அமிலமாகவும் எதிலீன் கிளைக்கோலாகவும் ஆக்குகிறது. 30 பாகை செல்சியஸில், ஆறு வாரத்தில், மெல்லிய பெட் படலம் ஏறத்தாழ முழுவதும் கரைந்தது.

30 பாகை என்றால் நம்முடைய காலிமுகத்திடல் வெயில்தானே, பிறகென்ன தடை என்று கேட்கத் தோன்றும். வெயில் பொருந்துகிறது, போத்தல்தான் பொருந்தவில்லை. ஆய்வில் வைத்த படலம் விரல் நகமளவு. அதன் மூலக்கூறுகள் ஒழுங்கில்லாமல் தளர்ந்து கிடந்தவை. கடையில் வாங்கும் போத்தலை இழுத்து ஊதிச் செய்யும்போது மூலக்கூறுகள் வரிசையாக இறுகி, பளிங்குத்தன்மை கூடிவிடுகிறது. அந்த இறுக்கத்துக்குள் நொதியம் நுழைய இடம் கிடைப்பதில்லை.

அதனால் இந்தத் துறை பற்றீரியாவை வளர்ப்பதை விட்டு, நொதியத்தை மட்டும் எடுத்துத் திருத்துகிற பக்கம் போய்விட்டது. 2012இல் ஜப்பானில் இலைக் கூட்டெரு ஒன்றின் மரபணுக்களிலிருந்து ஒரு நொதியம் கிடைத்தது. பிரான்சின் கார்பியோஸ் நிறுவனமும் துலூஸ் ஆய்வாளர்களும் அதைத் திருத்தி, பெட்டின் 90 சதவீதத்தை 10 மணித்தியாலத்தில் சிதைத்ததாக 2020இல் வெளியிட்டார்கள். 2022இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தினர் கணினியின் உதவியோடு வடிவமைத்த இன்னொரு நொதியம், உணவுப் பொதிகளில் வரும் மெல்லிய பெட் தட்டுகளை 50 பாகையில் ஒரு கிழமைக்குள் கரைத்தது. ஆறு வாரம் 10 மணித்தியாலமாகச் சுருங்கியது உண்மையிலேயே பெரிய பாய்ச்சல்.

ஆனால் அந்த 10 மணித்தியாலத்துக்குப் பின்னால் இருக்கிற வேலையைப் பாருங்கள். போத்தலை முதலில் உருக்கி, சட்டென்று குளிர வைத்து மூலக்கூறுகளைத் தளர்த்த வேண்டும். பிறகு மாவாக அரைக்க வேண்டும். கலனை 72 பாகையில் வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் 70 பாகையை ஒட்டித்தான் பெட்டின் சங்கிலிகள் அசையத் தொடங்குகின்றன. அதே சூட்டில் நேரம் போகப் போகப் பிளாஸ்டிக் மறுபடியும் இறுகும் என்பதால் நொதியம் அதை முந்தி ஓட வேண்டும். சிதையச் சிதைய அமிலம் கூடும், நொதியம் முடங்கும். அதைச் சமன்படுத்தச் சோடியம் ஐதரொட்சைட்டு ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கடைசியில் டெரிப்தாலிக் அமிலத்தைப் பிரித்தெடுக்கச் சல்பூரிக் அமிலம் சேர்த்தால் சோடியம் சல்பேற்று உப்பு குவியும். இது இரசாயன ஆலை செய்கிற காரியம். கீழ்த்தளத்துத் தண்ணீர் மோட்டருக்குப் பக்கத்தில் நடத்தக்கூடியதல்ல.

இதெல்லாம் பெட்டுக்கு மட்டும். பெட் ஒரு பொலிஎஸ்டர். அதன் சங்கிலியில் குறிப்பிட்ட இடைவெளியில் எசுத்தர் பிணைப்பு வருகிறது. தாவர இலைகளின் மேற்பூச்சிலும் அதே வகைப் பிணைப்பு இருப்பதால், அதை வெட்டும் நொதியம் இயற்கையில் கோடிக்கணக்கான ஆண்டுகளாக இருக்கிறது. சொப்பிங் பேக், லஞ்ச் சீட், பால்மா பக்கற்றின் உட்படலம் எல்லாம் பொலித்தீன். போத்தல் மூடியும் பல கறிப் பெட்டிகளும் பொலித்தீன் அல்லது பொலிப்புரொப்பிலீன். ரெஜிபோம் பொலிஸ்டைரீன். இவற்றின் முதுகெலும்பு காபனோடு காபன் மட்டுமே கோத்தது. எசுத்தரை வெட்டும் நொதியம் அங்கே வெட்ட ஒன்றுமில்லை. 2017இல் ஸ்பெயினிலிருந்து மெழுகுப் புழு பொலித்தீனைத் தின்கிறது என்ற செய்தி வந்தது, 2022இல் அதன் உமிழ்நீரில் பொலித்தீனை ஒட்சியேற்றும் நொதியங்கள் இருப்பதாகவும் வந்தது. ஆய்வுக்கூடத்தில் சுவாரசியமான விஷயம்தான், கிலோக்கணக்கில் குப்பை வைத்திருப்பவருக்கு உதவாது.

இதற்கு ஆய்வறிக்கை வேண்டாம், மொட்டை மாடிக்கு ஏறிப் பாருங்கள். அங்கே நிற்கிற தண்ணீர்த் தாங்கி பொலித்தீன். வெயில், ஈரம், பாசி, பற்றீரியா எல்லாம் சூழ வருடக்கணக்காக நிற்கிறது. பொலித்தீனை வேகமாகத் தின்னும் பற்றீரியா உண்மையாகவே ஒரு பக்கற்றில் கிடைத்தால், அதைக் கட்டடத்துக்குள் கொண்டுவர நான் சம்மதிக்க மாட்டேன்.

2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து மூழ்கியபோதும் இதே கேள்வி எழுந்தது. ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் கடலில் கொட்டின, சரக்குவ கரை வெள்ளையாகிப் போனது. பற்றீரியாவைத் தெளிக்கலாமே என்றார்கள் பலர். பெரும்பாலானவை பொலித்தீன் மணிகள். சல்லடையும் கையும்தான் வேலை செய்தன.

அப்படியானால் "பிளாஸ்டிக் கரைப்பான்" என்று கொண்டுவந்து காட்டுகிற தூள்? சமையல் கழிவுக்குப் போடும் நுண்ணுயிர்க் கலவைகள் நல்லவை, சோற்றையும் கறியையும் உக்க வைக்கும். பிளாஸ்டிக் பையோடு சேர்த்துப் போட்டால் உள்ளே இருக்கிற உணவு உக்கும், நாற்றம் குறையும், குவியல் பாதியாகும். பை மட்டும் அப்படியே இருக்கும். பாதியான குவியலைக் காட்டித்தான் விற்கிறார்கள். எந்த வகைப் பிளாஸ்டிக்கில் சோதித்தீர்கள், உலர்ந்த நிறை எவ்வளவு குறைந்தது, வெளியான காபனீரொட்சைட்டை அளந்தீர்களா என்று கேளுங்கள். கூட்டெருவாகும் பொருட்களுக்கான ஐரோப்பிய நியமம் ஈஎன் 13432, ஆறு மாதத்துக்குள் 90 சதவீதம் காபனீரொட்சைட்டாக மாற வேண்டும் என்கிறது. அப்படிப்பட்ட அறிக்கை கையில் இல்லாதவரோடு விலை பேச வேண்டியதில்லை. சில மாதத்தில் தானாக நொறுங்குகிற பைகள் வேறு வகை. உலோக உப்புச் சேர்த்த பொலித்தீன் வெயிலில் துகளாகி மண்ணோடு கலக்கும், கண்ணுக்குத்தான் காணாமல் போகும். ஐரோப்பிய ஒன்றியம் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவற்றைத் தடை செய்துவிட்டது.

## பிரித்து விற்பது

இங்கே முதல் அளவுகோலுக்குப் பதில் சுலபம். நிறமில்லாத பெட் போத்தலுக்குத்தான் நல்ல கிராக்கி. அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று இருக்கும். அடுத்தது 2ஆம் இலக்கக் கடின பொலித்தீன்: ஷாம்பு, சவர்க்கார நீர், எண்ணெய்க் கான்கள். பிறகு 5ஆம் இலக்கப் பொலிப்புரொப்பிலீன், அதாவது உடைந்த கதிரை, வாளி, கூடை. வண்டியில் வருகிற போத்தல்காரர் இலக்கம் பார்ப்பதில்லை. தட்டிப் பார்த்த சத்தத்திலேயே சொல்லிவிடுவார்.

பெட்டைக் கழுவிச் சீவலாக்கி நூலாகவும் தூரிகை மயிராகவும் மாற்றுகிற ஆலைகள் நாட்டில் இயங்குகின்றன. ஆலையில் சீவலைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டால் பெட் அடியில் போகும், மூடித் துண்டுகள் மிதக்கும். ஆகவே மூடி வேறு, போத்தல் வேறு என்று வீட்டிலேயே பிரித்துக் கஷ்டப்பட வேண்டாம். கெடுப்பது குழாய், வயர் உறை செய்கிற பீவீசீ. அதுவும் பெட்டோடு சேர்ந்து அடியில் போய், உருக்கும்போது அமிலத்தைக் கக்கி முழுத் தொகுதியையும் பழுப்பாக்கிவிடும். இன்னொரு குழப்பம் சோளத்திலிருந்து செய்த கண்ணாடி போன்ற குடிபானக் கோப்பை. பெட் என்று நினைத்து அதே பையில் போட்டால் மீள்சுழற்சி கெடும். மண்ணில் புதைத்தால் உக்கவும் மாட்டாது, அதற்கு 60 பாகையை ஒட்டிய தொழிற்சாலைக் கூட்டெரு வேண்டும்.

மறைந்த செலவு மூன்று. இடம் ஒன்று: வெறும் போத்தல் காற்றைத்தான் சேமிக்கும். நசுக்கி, மூடியைத் திருகி இறுக்கினால் கொள்ளளவு பெருமளவு குறையும். இரண்டாவது கழுவும் தண்ணீர், அதைவிடக் கழுவுகிறவரின் நேரம். வேலைக்கு வருகிற அக்காவின் தலையில் இதையும் கட்டிவிட்டு "எங்கள் கட்டடம் பசுமைக் கட்டடம்" என்று சொல்லிக்கொள்கிறவர்களை எனக்குத் தெரியும். கழுவுவதற்குப் புதுத் தண்ணீர் எடுக்காமல் பாத்திரம் கழுவிய கடைசித் தண்ணீரில் அலசினாலே போதும்.

மூன்றாவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை: டெங்கு. மழை படுகிற இடத்தில் சேர்த்து வைத்த போத்தலும் யோகட் கோப்பையும் நுளம்புக்குத் தொட்டில். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து குடம்பியைக் கண்டால், வழக்கும் தண்டமும் முழு ஆண்டும் போத்தல் விற்ற காசைவிட மேலே போகும். சேர்த்து வைக்கக் கூரையுள்ள இடம் இல்லாத கட்டடம் இந்த வழியைத் தொடங்கவே கூடாது.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெட் சீவல் புதுப் பிளாஸ்டிக்கோடு போட்டியிடுகிறது, புதுப் பிளாஸ்டிக் எண்ணெய் விலையோடு ஏறி இறங்குகிறது. எண்ணெய் இறங்கிய மாதங்களில் போத்தல்காரர் வராமல் போகலாம். அதை வருமானமாக எண்ணித் திட்டம் போடாதீர்கள். காவலாளிக்கு ஊக்கத்தொகையாகப் போனால் சரி.

## லொறியில் ஏற்றுவது

2017 சித்திரைப் புத்தாண்டு நாளில் மீதொட்டமுல்லக் குப்பைமேடு சரிந்து 32 பேர் இறந்ததற்குப் பிறகு, கொழும்புக் குப்பைக்கு வேறு முகவரி தேட வேண்டிவந்தது. 2021 பெப்ரவரியில் கெரவலப்பிட்டியவில் 10 மெகாவாற் மின்னிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்குச் சுமார் 600 தொன்னுக்கு மேல் எரிக்கிற வசதி அதற்கு உண்டு. இன்னொரு முகவரி புத்தளம் மாவட்டத்து அறுவக்காடு. அங்கே கொண்டுபோவதற்கு எதிராகப் புத்தளத்து மக்கள் மாதக்கணக்கில் தெருவில் நின்றார்கள். நம் வீட்டு வாசலில் இருந்து போனது, இன்னொருவர் ஊர் வாசலில் இறங்குகிறது.

எரிப்பதற்கு இருக்கிற பெரிய நன்மை, அது எதையும் கேட்காமல் ஏற்கும். எண்ணெய் படிந்த லஞ்ச் சீட், பல படலம் ஒட்டிய பிஸ்கட் உறை, ஷாம்பு பக்கற் எல்லாம் போகலாம். நம் குப்பையில் பாதிக்கு மேல் ஈரமான உணவுக் கழிவு. அது எரிய வேண்டுமென்றால் பிளாஸ்டிக்கின் சூடு தேவைப்படுகிறது. ஆனால் ஒரு கிலோ பொலித்தீன் எரிந்தால் மூன்று கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகக் காபனீரொட்சைட்டு வரும். பீவீசீ எரிந்தால் அமில வாயு வரும், சரியாக வடிகட்டாவிட்டால் டயொக்சின் என்ற நச்சும் வரும். புகையில் பிடித்த சாம்பலைப் பாதுகாப்பாகப் புதைக்க வேண்டும். இந்தச் செலவு நம் பற்றுச்சீட்டில் வருவதில்லை, வரியில் வருகிறது.

லொறியை நம்பினாலும் பிரிக்கும் வேலையிலிருந்து தப்ப முடியாது. சபை உக்கும் குப்பையையும் உக்காத குப்பையையும் தனித்தனியாகத்தான் கேட்கிறது. பின்முற்றத்தில் நாமே கொளுத்திவிடலாம் என்று சொல்கிற ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார். திறந்த வெளியில் குப்பை எரிப்பது 2017 செப்டெம்பரிலிருந்து சட்டப்படி தடை. 850 பாகைக்கு மேல் எரிக்கும் உலையையும் முற்றத்துப் புகையையும் ஒன்றாகப் பேசக் கூடாது.

நான்காவது வழியாகப் புத்தளம் சீமெந்துச் சூளையைச் சிலர் கேட்கிறார்கள். 1,450 பாகைச் சூட்டில் பிளாஸ்டிக் எரிபொருளாகிறது, சாம்பல்கூடச் சீமெந்துக்குள்ளேயே போய்விடுகிறது. நல்ல வழிதான், ஆனால் ஒப்பந்தம், கட்டணம், தொன்கணக்கு என்று வரும். தொழிற்சாலைக்கும் பெரிய ஹோட்டலுக்கும் சரி. 40 வீட்டுத் தொடர்மாடிக்கு வாசல் திறக்காது.

## ஒரே பார்வையில்

| பிளாஸ்டிக் | பற்றீரியா, நொதியம் | பிரித்து விற்பது | லொறி, எரிப்பு |
|---|---|---|---|
| நிறமில்லாப் பெட் போத்தல் | முடியும், ஆலையில் மட்டும் | முதல் தெரிவு | வீண் |
| நிறப் பெட், பெட் தட்டு | நாளைக்குப் பொருத்தமானது | வாங்குபவர் குறைவு | இன்றைக்கு இதுதான் |
| கான், வாளி, கதிரை | இல்லை | வாங்குவார்கள் | வீண் |
| சொப்பிங் பேக், லஞ்ச் சீட் | இல்லை | சுத்தமாகவும் மொத்தமாகவும் இருந்தால் மட்டும் | அழுக்கென்றால் இதுதான் |
| பிஸ்கட் உறை, பக்கற் | இல்லை | இல்லை | வேறு வழியில்லை |
| ரெஜிபோம் | இல்லை | அனேகமாக இல்லை | வேறு வழியில்லை |
| பீவீசீக் குழாய், வயர் உறை | இல்லை | பழைய சாமான் கடை | தவிருங்கள் |

அட்டவணையின் கீழ்ப்பாதிக்கு எந்த வழியும் நல்ல வழியல்ல. அங்கே செய்யக்கூடியது வீட்டுக்குள் வராமல் தடுப்பதுதான். உணவு, மருந்து தவிர்ந்த 20 மில்லிலீற்றர் வரையான பக்கற்றுகள் 2021இலும், ஸ்ட்ரோ, பிளாஸ்டிக் கரண்டி, இடியப்பத் தட்டு போன்றவை 2023 ஒக்டோபரிலும் தடை செய்யப்பட்டன. 2025 நவம்பரிலிருந்து கடைகள் சொப்பிங் பேக்கை இலவசமாகக் கொடுக்கவும் கூடாது. சட்டம் வந்ததும் காலி வீதிக் கடைகளில் எல்லாம் மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனாலும் சோத்துப் பார்சலுக்குப் பெட்டி கொண்டுபோனால் முன்புபோல் யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை.

## யாருக்கு எது

கூரையோடு ஒரு மூலையும் பொறுப்பான ஒரு காவலாளியும் உள்ள தொடர்மாடிக்கு என் சிபாரிசு: பெட்டும் கடினப் பிளாஸ்டிக்கும் தனி, மற்றதெல்லாம் லொறி. பிளாஸ்டிக்குக்கு இரண்டே பைகள். ஐந்து நிற வாளி வைத்த கட்டடங்களில் முதல் மாதத்துக்குப் பிறகு ஐந்திலும் ஒரே குப்பைதான் இருக்கும். கூரையும் ஆளும் இல்லாத சிறிய கட்டடம், உக்குவதையும் உக்காததையும் ஒழுங்காகப் பிரித்து லொறிக்குக் கொடுத்தாலே போதும். சைவக் கடை, பேக்கரி நடத்துகிறவர்கள் எண்ணெய்க் கான்களை வாங்கிய இடத்துக்கே திருப்பிக் கொடுக்கப் பேசிப் பாருங்கள், பழைய சாமான் விலையைவிட அது மேல்.

நொதியத்துக்கு இலங்கையில் இடமே இல்லையா என்றால், இருக்கிறது. குப்பை லொறியில் தேடாமல் ஆடைத் தொழிற்சாலைகளில் தேட வேண்டும். கட்டுநாயக்க, பியகம பக்கம் வெட்டி எறியும் பொலிஎஸ்டர்த் துணியும் பெட்தான். சாயம் ஏறியது, பருத்தி கலந்தது, உருக்கி நூலாக்க முடியாதது. நொதியம் பொலிஎஸ்டரை மட்டும் தேர்ந்து வெட்டும், பருத்தியை விட்டுவிடும். சாயத்தைப் பிரித்துவிட்டு மறுபடியும் புதுப் பெட் செய்யக்கூடிய மூலப்பொருள் கிடைக்கும். ஒரே வகைக் கழிவு ஒரே இடத்தில் தொன்கணக்கில் சேர்கிறது, ஆவியும் சூடும் ஆலையில் ஏற்கெனவே உண்டு. இந்தத் தொழில்நுட்பம் மலிவாகும்போது முதலில் கால்வைக்க வேண்டிய இடம் அது. முதலீடு பற்றி யோசிக்கிறவர்கள் வீட்டுக் குப்பையை விட்டுவிட்டு அந்தப் பக்கம் பாருங்கள்.

உயர்தர உயிரியல் படிக்கிற பிள்ளைகள் சிலரும் பாடசாலைக் கண்காட்சிக்கு இதைச் செய்யலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாகச் செய்யலாம், ஆனால் சொப்பிங் பேக்கோடு தொடங்க வேண்டாம். ஆய்வுகூடங்களில் முதற்சோதனைக்குப் பொலிகாப்ரோலக்டோன் என்ற இலகுவில் சிதையும் பொலிஎஸ்டரை ஏகார்த் தட்டில் கலந்து ஊற்றுவார்கள். பால்போல் கலங்கிய தட்டில் பற்றீரியாக் கூட்டத்தைச் சுற்றித் தெளிந்த வளையம் விழுந்தால் நொதியம் சுரக்கிறது என்று அர்த்தம். ஆசிரியரின் மேற்பார்வையில் ஆய்வுகூடத்தில் மட்டும் செய்யுங்கள், மண்ணிலிருந்து என்ன வளரும் என்று முன்கூட்டித் தெரியாது. துண்டுகளை நிறுத்துப் பார்ப்பதானால் பற்றீரியா போடாத இன்னொரு துண்டையும் பக்கத்தில் வையுங்கள். நிறுக்கும் முன் மேலே படிந்த வழுக்கலைச் சவர்க்கார நீரில் கழுவி நன்றாக உலர்த்துங்கள். இல்லாவிட்டால் ஒரு மாதம் காத்திருந்து நிறுக்கும்போது பிளாஸ்டிக்கின் நிறை கூடியிருக்கும்.